தருமபுரி வானத்துக்கு ஒரு பழைய பாணி வான்படம்

பழைய வான்படம் ஒன்றை விரித்ததும் முதலில் அதில் காலியாக விட்டிருக்கும் இடத்தைத் தேடுங்கள். சிங்கம், தேள், குடம் ஏந்தியவன் எல்லோரையும் பிறகு பார்த்துக்கொள்ளலாம். படத்துக்குப் பின்னால் இருந்த கண் எந்த ஊரில் நின்று வானத்தைப் பார்த்தது என்பதை அந்தக் காலியிடம் சொல்லிவிடும். இது பிடிபட்டால், தருமபுரியிலோ கிருஷ்ணகிரியிலோ மொட்டை மாடியில் நிற்பவருக்கு எப்படிப்பட்ட படம் வேண்டும் என்பதும் தானே விளங்கும்.

1515-இல் ஜெர்மனியின் நூரம்பெர்க்கில் ஓவியர் ஆல்பிரெக்ட் டூரர் வெளியிட்ட இரண்டு மரச்செதுக்குப் படங்கள்தான் ஐரோப்பாவில் அச்சான முதல் விண்மீன் வரைபடங்கள். ஒவ்வொன்றும் ஏறக்குறைய 43 செ.மீ. சதுரம். வட்டத்தின் கணக்கை வகுத்தவர் யோகானஸ் ஸ்டாபியஸ். விண்மீன்களை இடம் பார்த்து வைத்தவர் கான்ராட் ஹைன்ஃபோகல். உருவங்கள் டூரருடையவை. வடபாதிப் படத்தில் உருவங்கள் நெருக்கியடித்து நிற்கும். தென்பாதியில் விளிம்பை ஒட்டித்தான் கூட்டம். உள்ளே போகப்போகப் பெரிய வெற்றிடம்.

அந்த வெற்றிடத்துக்குக் காரணம் நூரம்பெர்க் அல்ல, அலெக்சாந்திரியா. கணக்கு சுலபம். 90-இலிருந்து ஊரின் அட்சரேகையைக் கழித்தால், அந்த ஊரார் வான நடுவரைக்கு (பூமியின் நடுவரைக்கு நேர் மேலே வானத்தில் ஓடும் வட்டம்) தெற்கே எத்தனை பாகை வரை பார்க்க முடியும் என்று வரும். நூரம்பெர்க் 49.5° வடக்கு, அங்கிருந்து தெற்கே 40.5° வரைதான் தெரியும். டூரர் குழு அதையும் தாண்டி வரைந்திருக்கிறது. ஏனென்றால் அவர்கள் கையில் இருந்தது வானியலாளர் தாலமி 2-ஆம் நூற்றாண்டில் தொகுத்த பட்டியல்: 48 விண்மீன் கூட்டங்கள், ஆயிரத்துச் சொச்சம் விண்மீன்கள். தாலமி இருந்த எகிப்தின் அலெக்சாந்திரியா 31.2° வடக்கு, எல்லை 58.8° தெற்கு. அதற்கு அப்பால் பட்டியலில் எதுவும் இல்லை, ஆகவே படத்திலும் எதுவும் இல்லை. டூரர் படத்தில் விண்மீன்களுக்குப் பக்கத்தில் உள்ள எண்களும் தாலமி பட்டியலின் வரிசை எண்களே.

தருமபுரி 12.1° வடக்கு. நம் எல்லை 77.9° தெற்கு. டூரர் காலியாக விட்ட இடத்தின் பெரும்பகுதி நம் வீட்டு வானத்தில் ஆண்டுதோறும் வந்துபோகிறது.

அகத்தியரை எடுத்துக்கொள்ளுங்கள். வானத்தில் இரண்டாவது பிரகாசமான விண்மீன் அது, நடுவரைக்கு 52.7° தெற்கே. தருமபுரியில் தென்திசையில் 25° உயரம் வரை ஏறும். பிப்ரவரி 15 வாக்கில் இரவு ஒன்பது மணிக்கு அந்த உச்சியில் இருக்கும். சுற்றி மலை இருந்தாலும் மறையாது. அலெக்சாந்திரியாவில் அதே விண்மீன் அடிவானத்துக்கு மேல் 6° மட்டுமே எழுகிறது. நூரம்பெர்க்கில் எழுவதே இல்லை. தாலமி அதை கிரேக்கக் கதையில் வரும் ஆர்கோ கப்பலின் திசைதிருப்பும் துடுப்பில் வைத்தார். டூரரும் தன் ஊரில் தெரியாத ஒரு விண்மீனை அந்தத் துடுப்பில் வரைந்தார். நமக்கோ அது தெற்கே போன முனிவர். வராகமிகிரரின் பிருஹத் சம்ஹிதை அகத்தியர் உதயத்துக்கென்றே ஓர் அத்தியாயம் ஒதுக்கி, மழைக்காலம் கழிந்து நீர்நிலைகள் தெளிவதை அதோடு சேர்த்துப் பேசுகிறது. ஒரே ஒளிப்புள்ளி ஒரு மரபில் கப்பல் உறுப்பாகவும் இன்னொன்றில் நீரைத் தெளியவைக்கும் முனிவராகவும் இருப்பதில், அது அந்தந்த ஊரில் எவ்வளவு உயரத்தில் நிற்கிறது என்பதற்கும் பங்கு உண்டு என்பது என் எண்ணம்.

தென்வானத்து வெற்றிடத்தை நிரப்பியது மிளகும் கிராம்பும்தான். 1595-இல் கிழக்கிந்தியத் தீவுகளுக்குப் புறப்பட்ட முதல் டச்சுக் கப்பல் பயணத்தில் பீட்டர் கெய்சரும் பிரெடரிக் டி ஹௌட்மானும் தென்வான விண்மீன்களை அளந்தார்கள். அந்த அளவுகளை வைத்து பெட்ரஸ் பிளான்சியஸ் தன் வான்கோளத்தில் 12 புதிய கூட்டங்களைச் சேர்த்தார். 1603-இல் யோகான் பாயர் வெளியிட்ட யுரனோமெட்ரியா தொகுப்பின் 49-ஆம் படத்தில் அவை அச்சேறின. சொர்க்கப் பறவை, பறக்கும் மீன், பச்சோந்தி, மயில் என்று எல்லாம் கப்பல்காரர் பார்த்து வியந்த உயிரினங்கள். மயிலின் தலைமை விண்மீன் தருமபுரியில் 21° உயரம் வரை வரும். செப்டம்பர் 20 வாக்கில் இரவு எட்டே முக்காலுக்குத் தெற்கே பாருங்கள். பச்சோந்தி நமக்கும் கிட்டாது. பாதி அடிவானத்துக்குக் கீழேயே கிடக்கும், மீதி புழுதியில் கரைந்துவிடும்.

டூரரின் வடபாதிப் படத்து மூலைகளையும் கவனிக்க வேண்டும். நான்கு மூலையிலும் நான்கு அறிஞர்கள் கோளம் ஏந்தி உட்கார்ந்திருக்கிறார்கள்: கிரேக்கர் அராட்டஸ், எகிப்தின் தாலமி, ரோமானியர் மனிலியஸ், அரபு உலகின் அல்-சூஃபி. ஒவ்வொருவருக்கும் அவரவர் நாட்டு உடை. ஜெர்மன் நகரம் ஒன்றில் அச்சான படம், தன் அறிவு எங்கிருந்தெல்லாம் வந்தது என்று வெளிப்படையாகச் சொல்கிறது. இந்த நேர்மைக்காகவே எனக்கு இந்தப் படத்தின் மேல் தனி மதிப்பு.

அல்-சூஃபி 964-இல் எழுதிய நிலை விண்மீன்கள் நூல் ஒவ்வொரு கூட்டத்தையும் இரண்டு முறை வரைகிறது: தரையிலிருந்து அண்ணாந்து பார்க்கையில் எப்படி, கோளத்தின் மேல் செதுக்கினால் எப்படி. இரண்டும் ஒன்றுக்கொன்று கண்ணாடிப் பிம்பம். பழைய படத்தை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போகிறவர்கள் பெரும்பாலும் தோற்றுப்போவது இந்த இடத்தில்தான். டூரரும், 1690-இல் வெளியான படத்தொகுப்பில் ஹெவெலியஸும் வெளியிலிருந்து கடவுள் பார்ப்பதுபோல, கோளத்தின் புறத்தோற்றத்தில் வரைந்தார்கள். பாயரும், 1729-இல் வெளியான தொகுப்பில் பிளாம்ஸ்டீடும் தரையிலிருந்து பார்ப்பதுபோல வரைந்தார்கள். அடையாளம் காண ஒரு வழி: படத்தில் வடக்கு மேலே இருக்கும்படி பிடித்து ஓரியன் வேட்டைக்காரனைப் பாருங்கள். சிவந்த திருவாதிரை இடது மேல்பக்கமும், வெண்ணீல ரைகல் வலது கீழ்ப்பக்கமும் இருந்தால் அது தரைப்பார்வை. மாறியிருந்தால் கோளப்பார்வை. தருமபுரியில் ஓரியன் கிட்டத்தட்ட நடுமண்டைக்கு மேலே போவதால், உதிக்கும்போது படுத்துக் கிடப்பான், மறையும்போது மறுபக்கம் சாய்வான். ஆகவே வானத்தில் மேல், கீழ் என்று தேடாமல் வடக்கு எந்தப் பக்கம் என்பதை முதலில் பிடித்துக்கொள்ள வேண்டும்.

பாயர் ஒரு கூடுதல் குழப்பத்தையும் உண்டாக்கினார். விண்மீன்களைத் தரைப்பார்வையில் வைத்துவிட்டு, மனித உருவங்கள் பலவற்றை முதுகு தெரியும்படி வரைந்தார். தாலமி 'வலது தோள்' என்று எழுதிய விண்மீன் பாயர் படத்தில் இடது தோளில் விழுந்தது. நூற்றாண்டுக் கணக்காகத் தொடர்ந்த விவரிப்பு இதனால் குலைந்தது என்று பிளாம்ஸ்டீட் கடுமையாகக் குறை சொன்னார். தனிப் படத்தொகுப்பு செய்ய அவர் முனைந்ததற்கு அது ஒரு காரணம்.

திட்டமிடாமலும் பிம்பம் திரும்பிவிடும். செப்புத் தகட்டில் செதுக்கியது தாளில் அச்சாகும்போது இடவலம் மாறும். ஆகவே செதுக்குபவர் தகட்டில் இடவலம் மாற்றிச் செதுக்க வேண்டும். பழைய படம் ஒன்றை அப்படியே தகட்டில் நகலெடுத்தால் அச்சில் அது கண்ணாடிப் பிம்பமாக வரும். மரச்செதுக்கிலும் இதே விதிதான். இரண்டையும் பிரித்தறியத் தாளின் ஓரத்தைத் தடவுங்கள்: செப்புத் தகடு அழுத்தத்தில் தாளில் ஒரு செவ்வகப் பள்ளம் விட்டிருக்கும், மரக்கட்டை விடாது. பாயரின் 1603 பதிப்பில் படத்தின் பின்பக்கத்தில் விண்மீன் பட்டியல் அச்சிட்டிருந்ததால் மை ஊடுருவி முன்பக்கம் நிழலாடியது. பிந்தைய பதிப்புகளில் பின்பக்கத்தை வெறுமையாக விட்டார்கள். இணையத்தில் பதிவிறக்கும் ஸ்கேன்களில் எழுத்து நிழல் தெரிந்தால் அது அழுக்கு என்று நினைத்துத் துடைத்துவிட வேண்டாம்.

அடுத்த சிக்கல் அயன சலனம். பூமியின் அச்சு மெதுவாகத் தலையாட்டுவதால் விண்மீன்களின் தீர்க்கரேகை ஏறக்குறைய 72 ஆண்டுக்கு 1° நகர்கிறது. அல்-சூஃபி தாலமியின் எண்களோடு 12°42′ கூட்டித் தன் காலத்துக்குக் கொண்டுவந்தார். டூரர் படத்தை இன்றைக்குப் பயன்படுத்த ஏறக்குறைய 7° கூட்ட வேண்டும். நம் பஞ்சாங்க ராசிகளோடு ஒப்பிட்டால் இன்னும் பெரிய வித்தியாசம் வரும். ஐரோப்பியப் படங்களில் மேஷத் தொடக்கம் என்பது மார்ச் 20, 21-இல் சூரியன் நிற்கும் புள்ளி. நமக்கு அது சித்திரை முதல் நாள் சூரியன் நிற்கும் இடம். இந்த இரண்டு தொடக்கங்களுக்கும் உள்ள இடைவெளியான அயனாம்சம் இன்றைக்கு 24° சொச்சம். இதைக் கழிக்காமல் ஐரோப்பியப் படத்தின் கட்டத்தின்மேல் தமிழ் ராசிப் பெயர்களை எழுதினால் கிட்டத்தட்ட ஒரு ராசியே தள்ளிப்போகும்.

இப்போது துருவம். சீனாவின் துன்ஹுவாங் குகையிலிருந்து 1907-இல் ஆரல் ஸ்டைன் எடுத்துச்சென்ற சுருள் ஒன்று பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கிறது. 7-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது என்று கணிக்கப்படும் அந்தத் தாளில் 1,300-க்கும் மேற்பட்ட விண்மீன்கள். நமக்குக் கிடைத்திருக்கும் முழுமையான விண்மீன் வரைபடங்களில் மிகப் பழையது. மூன்று பழைய வானியலாளர் மரபுகளை நிறத்தால் பிரித்திருக்கிறார்கள். பிரகாசமான விண்மீன்களின் இடம் 1.5° முதல் 4° வரைக்குள் சரியாக இருக்கிறது. கையால் வரைந்த தாளுக்கு இது வியக்கத்தக்க துல்லியம். உருவங்கள் இல்லை, புள்ளிகளும் கோடுகளும்தான். அந்தக் கோடுகளுக்குள் ஓர் அரசாங்கமே குடியிருக்கிறது: துருவத்தைச் சுற்றிப் பேரரசரின் மாளிகை வளாகம், மந்திரிகள், காவலர்கள், தள்ளிப் போனால் சந்தை, சிறை.

பேரரசர் துருவத்தில் ஏன்? சீனத் தலைநகரங்கள் பல 34°, 35° வடக்கில் இருந்தன. அங்கே துருவத்தைச் சுற்றி 35° ஆரமுள்ள வட்டத்தில் உள்ள விண்மீன்கள் ஒருநாளும் மறைவதில்லை. மற்றவை எழுந்து விழுந்தாலும் அரசவை இரவு முழுக்க நிமிர்ந்து நிற்கும். 1247-இல் சூச்சோவில் கல்லில் வெட்டிய வான்படத்தில் 1,400-க்கு மேற்பட்ட விண்மீன்களுக்கு நடுவே இந்த மறையாத பகுதியைத் தனி வட்டமாகவே காட்டியிருக்கிறார்கள்.

தருமபுரியில் அந்த மறையாத வட்டத்தின் ஆரம் 12° மட்டும். துருவ விண்மீன் அடிவானத்துக்கு மேல் கை முஷ்டியை நீட்டிப் பிடித்தால் ஒரு முஷ்டியும் கொஞ்சமும். அதைத் தவிர அந்த வட்டத்துக்குள் பளிச்சென்று எதுவும் இல்லை. சப்தரிஷிகள் எல்லோரும் மறைகிறார்கள், சீனப் பேரரசரின் மாளிகைச் சுவரும் இரவுதோறும் மலைக்குப் பின்னால் இறங்குகிறது. நம் வானம் துருவத்தைச் சுற்றுவதாகத் தோன்றாது. கிழக்கே ஏறக்குறைய செங்குத்தாக எழும்பி, தலைக்கு மேலே கடந்து, மேற்கே செங்குத்தாக இறங்கும். எது உதிக்கிறது, எது உச்சியில், எது மறைகிறது என்ற மூன்று கேள்வி போதும், வானம் முழுவதும் கைக்கு வந்துவிடும்.

தமிழில் இதைச் சொற்களாலேயே வரைந்த ஒரு படம் உண்டு. புறநானூற்றின் 229-ஆம் பாட்டில் கூடலூர் கிழார், யானைக்கட்சேய் மாந்தரஞ்சேரல் இரும்பொறை இறப்பதற்கு முன் எரிமீன் விழுந்த இரவைச் சொல்கிறார். உச்சியில் இருந்த மீன் சாயத் தொடங்குகிறது, அதற்கு எதிரே ஒரு மீன் எழுகிறது, மூன்றாவது மீன் மேற்கே மூழ்குகிறது. பழைய உரை இவற்றை உத்திரம், மூலம், மிருகசீரிடம் என்று அடையாளம் காட்டுகிறது. உத்திரத்தை ஒன்று என்று வைத்து எண்ணினால் மூலம் எட்டாவது; பின்னோக்கி எண்ணினால் மிருகசீரிடம் எட்டாவது. இருபத்தேழு நட்சத்திரங்களில் ஒவ்வொன்றுக்கும் 13°20′. ஏழு தாண்டினால் 93°20′, அதாவது கால் வட்டமும் கொஞ்சமும். இன்றைக்கும் தருமபுரி மாடியில் இதைச் சோதிக்கலாம். மூலம் நன்றாகத் தெற்கே தள்ளி இருப்பதால் உத்திரம் உச்சியைக் கடந்து சுமார் இருபது நிமிடம் கழித்துத்தான் எழும். உச்சி மீன் 'சாயத் தொடங்கியபோது' எதிர் மீன் எழுந்தது என்ற வரிசை கண்ணால் பார்த்துச் சொன்னதாகவே எனக்குப் படுகிறது.

தாளில் வரைந்த வான்படங்கள் நம்மிடம் பெரிய மரபாக வளரவில்லை என்பது உண்மை. சூரிய சித்தாந்தம் போன்ற நூல்கள் ஒவ்வொரு நட்சத்திரத்துக்கும் ஒரு முதன்மை மீனைக் குறித்து அதன் இடத்தை எண்ணாகத் தந்தன, மக்கள் எண்ணிக்கையாகவும் வடிவமாகவும் மனப்பாடம் செய்தார்கள்: அசுவினிக்கு மூன்று, குதிரைத் தலை, கார்த்திகைக்கு ஆறு, ரோகிணிக்கு ஐந்து, வண்டி. லாகூர் பட்டறைகளோ முகலாயர் காலத்தில் மெழுகு உருக்கு வார்ப்பில் இணைப்பே இல்லாத உலோகக் கோளங்களைச் செய்து விண்மீன்களை வெள்ளியால் பதித்தன. நம் மாவட்டங்களில் வானம் கல்லில்தான் ஏறியது. தருமபுரி, கிருஷ்ணகிரிப் பகுதியில் நடுகற்களைப் பார்க்கிறவர்கள் சில கற்களின் மேல்பகுதியில் செதுக்கிய பிறையையும் கதிரவனையும் கவனித்திருப்பீர்கள். அது படமாக இடம்காட்டாது, சாட்சியாக நிற்கிறது. கொடைக் கல்வெட்டுகளில் வரும் 'சந்திராதித்தவரை' என்ற சொல்லின் உருவம் அது: நிலவும் ஞாயிறும் உள்ளவரை.

சாட்சியும் இடமும் ஒரே பொருளில் சேர்ந்த உதாரணம் ஜெர்மனியின் நெப்ரா வான்தகடு. ஏறக்குறைய 3,600 ஆண்டுப் பழமை, 32 செ.மீ. விட்டமுள்ள வெண்கலம், மேலே பொன்னால் பிறை, வட்டம், விண்மீன்கள், ஏழு புள்ளிகளாகக் கார்த்திகை. விளிம்பில் பொருத்திய வில் வடிவத் தகடு 82° அகலம். ஆண்டு முழுக்கச் சூரியன் உதிக்கும் இடம் அடிவானத்தில் அங்கே அவ்வளவு நகர்கிறது. அதே தகட்டைத் தருமபுரிக்குச் செய்தால் அந்த வில்லை 48°-க்குத்தான் வெட்ட வேண்டும்.

வரைவது எப்படி

துருவத்தை நடுவில் வைத்த பெரிய வட்டப்படம் அழகு. நம் அட்சரேகைக்கு அது பொருந்தாது, காரணம் நீட்சி. வடதுருவத்திலிருந்து தூரம் கூடக்கூடக் கிழக்கு மேற்காக உருவங்கள் அகலும்: நடுவரையில் 1.57 மடங்கு, கேட்டை இருக்கும் இடத்தில் 2.27 மடங்கு. தேள் தவளையாகிவிடும். துன்ஹுவாங் சுருள் இதற்கு நல்ல வழி காட்டுகிறது: நடுப்பகுதியை 30° அகலமுள்ள 12 பட்டைகளாகப் பிரித்து, துருவத்துக்கு மட்டும் தனி வட்டம். தலைக்கு மேலே நடுவரைப் பகுதி ஓடும் நம் ஊருக்கு இதுவே சரியான அமைப்பு. தெற்கே நிறையத் தெரிவதால் நமக்குத் தென்துருவ வட்டம் ஒன்றும் கூடுதலாக வேண்டும்.

அளவு: 1°-க்கு 2 மி.மீ. ஒரு பட்டை 60 மி.மீ. அகலம்; வடக்கே 40° முதல் தெற்கே 40° வரை 160 மி.மீ. உயரம். ஆறு ஆறாக இரண்டு வரிசை வைத்தால் ஒவ்வொன்றும் 36 செ.மீ. × 16 செ.மீ. துருவ வட்டங்கள் 55° ஆரம், அதாவது 11 செ.மீ.; இதனால் பட்டைக்கும் வட்டத்துக்கும் 5° ஒன்றன்மேல் ஒன்று விழும், எல்லையில் உள்ள கூட்டம் துண்டாகாது. எல்லாம் 56 × 71 செ.மீ. கெட்டிச் சார்ட் ஒன்றில் அடங்கும். பள்ளி ஜியோமெட்ரி பாக்ஸ் கவராயம் 11 செ.மீ. விரித்தால் கால் நழுவும்; அட்டைப் பட்டையில் 110 மி.மீ. இடைவெளியில் இரண்டு துளை போட்டு, ஒன்றில் குண்டூசி, இன்னொன்றில் 2எச் பென்சில் வைத்துச் சுற்றினால் வட்டம் சரியாக மூடும்.

விண்மீன்களின் வல ஏற்றத்தையும் (வானத்தில் கிழக்கு நோக்கி அளக்கும் இடம், மணிக்கணக்கில்) நடுவரை விலக்கத்தையும் (நடுவரைக்கு வடக்கே அல்லது தெற்கே எத்தனை பாகை) 2000-ஆம் ஆண்டு நிலைக்கான பட்டியலிலிருந்து எடுங்கள். வல ஏற்றத்தின் மணியை 15-ஆல் பெருக்கினால் பாகை. தரைப்பார்வைக்கு வல ஏற்றம் வலமிருந்து இடமாகக் கூட வேண்டும். ஆகவே முதல் பட்டை வலது ஓரத்தில். ரோகிணி: 69°, வடக்கே 16.5°. மூன்றாம் பட்டை, வலது ஓரத்திலிருந்து 18 மி.மீ., நடுக்கோட்டுக்கு மேலே 33 மி.மீ. சித்திரை: 201.3°, தெற்கே 11.2°. ஏழாம் பட்டை, 42.6 மி.மீ., கீழே 22.4. கேட்டை: 247.3°, தெற்கே 26.4°. ஒன்பதாம் பட்டை, 14.6 மி.மீ., கீழே 52.8. சுவாதி எட்டாம் பட்டையில் 7.8 மி.மீ., மேலே 38.4. அகத்தியர் தென்வட்டத்தில் மையத்திலிருந்து 74.6 மி.மீ., 96° கோட்டில். வடவட்டத்தில் பாகைகள் கடிகாரம் சுற்றும் திசையில் கூட வேண்டும், தென்வட்டத்தில் எதிர்த்திசையில். இதை மறந்து இரண்டையும் ஒரே திசையில் போடுவது மிகச் சாதாரணமாக நடக்கும் தவறு. பட்டைகளை இடமிருந்து வலமாக அடுக்குவது அடுத்தது. ஒவ்வொரு பட்டையும் தனியாகச் சரியாக இருக்கும், சிங்கத்தின் வால் மட்டும் தலையிலிருந்து எங்கோ போய்விடும்.

பிரகாசத்தில் நான்காம் தரம் வரை (முதல் தரமே மிகப் பிரகாசம்) எடுத்தால் முழு வானத்துக்கும் ஏறக்குறைய 500 விண்மீன்கள். புள்ளி விட்டம் முதல் தரத்துக்கு 3 மி.மீ., பிறகு 2.3, 1.6, 1. கார்த்திகையை மட்டும் இந்த விதியில் வைக்க முடியாது: கண்ணுக்குத் தெரியும் ஆறு மீன்களும் 1°-க்குள், அதாவது 2 மி.மீ.-க்குள் அடங்குகின்றன. மெல்லிய 0.1 பேனாவால் ஆறு பொட்டு வைக்கலாம், அல்லது பெரிதாக்கி வரையலாம். அருந்ததிக்கும் வசிட்டருக்கும் இடையே தாளில் 0.4 மி.மீ. கூட வராது, பக்கத்தில் பெயரை எழுதிவிடுவதே வழி.

மையால் விண்மீன்களை முழுவதும் முடித்து, ஒரு நாள் காயவிட்ட பிறகே உருவங்களைத் தொடுங்கள். உருவத்தை முதலில் வரைந்தால் கை தன்னையறியாமல் விண்மீனை மூட்டுக்கும் கண்ணுக்கும் நகர்த்தும். உருவக்கோடு விண்மீனைவிட வெளிறியதாக இருக்க வேண்டும். செம்மண் நிறம் நன்றாக ஒதுங்கி நிற்கும். எந்த உருவம் என்பது உங்கள் விருப்பம். வானத்தில் அரசியல் உருவங்களுக்குக் குறைவே இல்லை: 1683 வியன்னா போரில் வென்ற போலந்து மன்னருக்காக ஹெவெலியஸ் வைத்த கேடயம் இன்றைய 88 கூட்டங்களில் ஒன்றாக நீடிக்கிறது, இங்கிலாந்து மன்னருக்காக ஹேலி வைத்த ஓக் மரம் நிலைக்கவில்லை. நட்சத்திர வடிவங்களை வரைவதானால் ஒரு தாளில் ஒரு மரபோடு நிறுத்திக்கொள்ளுங்கள். கிரேக்கக் காளையும் ரோகிணி வண்டியும் ஒரே இடத்தில் மோதும்.

இரண்டு துருவ வட்டங்களின் மையத்திலும் 24 மி.மீ. ஆரத்தில் ஒரு சிறுவட்டம் போடுங்கள் (கிருஷ்ணகிரிக்கு 25). வடக்கில் அது மறையாத பகுதி. தெற்கில் ஒருபோதும் தெரியாத பகுதி. அங்கே ஒரு புள்ளியும் வைக்காதீர்கள். படத்தைப் பார்க்கும் எவரும் அந்த வெற்றிடத்தை அளந்தே நம் அட்சரேகையைச் சொல்லிவிட முடியும்.

நீங்களே நேரத்தைக் கணக்கிட்டுச் சோதிக்கும்போது கடிகாரத்தில் 17 நிமிடத்தைக் கழியுங்கள்; இங்கே தந்திருப்பவை கடிகார நேரங்களே. இந்திய நேரம் 82.5° கிழக்குக்கானது, நாம் 78.2°-இல் இருக்கிறோம். டார்ச்சில் சிவப்புத் தாள் சுற்றுங்கள். கிருஷ்ணகிரியிலிருந்து வடமேற்கே ஓசூர் வெளிச்சம் தாழ்வானத்தைத் தின்றுவிடும், தென்வானம் பரவாயில்லை. அஞ்செட்டி, தேன்கனிக்கோட்டைப் பக்கம் வானம் இருட்டுதான், யானை நடமாடும் இடம் என்பதால் ஊருக்குள் மாடியிலேயே நில்லுங்கள்.

மே 10 வாக்கில் இரவு ஒன்பதரைக்குத் தெற்கே திரிசங்கு சிலுவையாக நிமிர்ந்து நிற்கும், அடி மீன் 15° உயரத்தில். அதன் இடதுபக்கம் இரண்டு பிரகாசமான மீன்கள். உங்கள் தென்வட்டத்தைத் தெற்கு நோக்கிப் பிடித்து, சிலுவை நிமிர்ந்து நிற்கும்படி சுழற்றிப் பாருங்கள். அந்த இரண்டும் வலதுபக்கம் வந்தால் வட்டம் கண்ணாடிப் பிம்பமாகியிருக்கிறது. புதிதாகக் கணக்கிட வேண்டியதில்லை: ட்ரேசிங் தாளில் நகலெடுத்து, அதைத் திருப்பிப் போட்டு, ஜன்னல் கண்ணாடியில் ஒட்டிப் பகல் வெளிச்சத்தில் பின்பக்கமாக மீண்டும் மை ஏற்றினால் போதும். எழுத்துகளை மட்டும் அதன் பிறகு எழுதுங்கள்.